ஊசி போட்ட கோழியைத் தேடி

மதியம் பன்னிரண்டரைக்கு பிரிக்பீல்ட்ஸில் எந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் உட்காருவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "கோழி என்ன மாதிரி வேணும்?" பிரட்டலா, வறுவலா, மிளகுக் கோழியா, பொரித்ததா என்றுதான் தேர்வு. கோழி வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஆளுக்கு ஏறக்குறைய 50 கிலோ கோழி சாப்பிடுகிற நாடு இது. உலகத்தில் இவ்வளவு கோழி தின்கிறவர்கள் வெகு சிலரே.

இத்தனை சாப்பிட்டும் அதன்மேல் இவ்வளவு சந்தேகம் கொண்டவர்களும் நாம்தான். வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறவள் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும். உணவு என்று எந்தத் தலைப்பை எடுத்தாலும் பேச்சு எப்படியோ சுற்றி 'ஊசிக் கோழி'யில் வந்து நிற்கும். சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. "தங்கச்சி, எம் மகளுக்கு ஒம்பது வயசுதான் ஆவுது. அதுக்குள்ள பெரியவளாயிட்டா. எல்லாம் இந்த ஊசி போட்ட கோழியாலதான்னு மாமியார் சொல்றாங்க. நான்தான் வாங்கிக் குடுத்தேன். இனிமே வீட்டுல கோழியே வேணாமா?"

அந்த 'நான்தான் வாங்கிக் குடுத்தேன்' என்ற சொல் மனதில் தங்கிவிட்டது. ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சோறு போட்டதற்குக் குற்றவாளியாக நிற்கிறாள். அவருக்கு ஒரு நேரான பதில் வேண்டும். அதனால் கோழித் தட்டிலிருந்து பின்னோக்கி நடந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் நடை தூரமில்லை. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் மோனோரயில் ஏறி சௌகிட்டில் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரிப் பக்கமாகப் போனால் ஜாலான் பகாங். அங்கே மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கட்டடம் இருக்கிறது. 1900இல் தொடங்கப்பட்ட கழகம் அது. கோழிக்குத் தீனியில் எதைச் சேர்த்தால், எதை எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை நம் நாட்டில் அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள் அவர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் நம் தாத்தா பாட்டிகளின் சோற்றுப்பானை இருந்தது.

அப்போது ஈயச் சுரங்கங்களிலும் காடு வெட்டும் வேலையிலும் பெரிபெரி என்ற நோய் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நிற்கும். செத்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளிகள். தமிழர்களை இந்த நோய் அநேகமாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த, தீட்டித் தீட்டி வெளுத்த பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு அந்த வெள்ளை அரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். வெள்ளை அரிசிக் கூட்டத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். மறுபக்கத்தில் ஒருவரும் இல்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்குக் கையெழுத்துப் போடாது. அந்த விடுதிவாசிகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

பிறகு கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் 1907 முதல் டூரியான் தீப்புஸ் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவாத் தொழிலாளிகளிடம் இதையே மறுபடி சோதித்தார்கள். அதோடு கோழிகளையும் எடுத்துக்கொண்டார்கள். தீட்டிய அரிசி மட்டுமே தின்ற கோழிகளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. தவிட்டைச் சேர்த்தால் அந்த நிலை வரவில்லை. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் கோழிகளிடம்தான் இந்த நோயை முதலில் கண்டிருந்தார். அதற்காக அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த பொருளுக்குப் பின்னாளில் வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. நெல்லை உமியோடு வேக வைக்கும்போது அது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கலரிசி காப்பாற்றியதற்குக் காரணம் அதுதான்.

ஆக, 'தீனியில் ஏதோ கலக்கிறார்கள்' என்று நாம் இன்று பயப்படுகிற வேலையின் முதல் அத்தியாயம் தவிடு. நம் நாட்டு அரசியலில் 'டெடாக்' என்றால் வேறு அர்த்தம் வந்துவிட்டது, அது வேறு கதை.

அடுத்து பந்திங் பக்கம் ஒரு பண்ணை. நண்பர் ஒருவர் வழியாக அனுமதி கிடைத்தது. மூடிய கொட்டகை. ஒரு முனையில் தண்ணீர் வழியும் அட்டைச் சுவர், மறுமுனையில் ஆள் உயர மின்விசிறிகள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே போனால் கேமரன்மலை அடிவாரம் போல இருக்கிறது. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்பைத் தணிக்கும். வெயில் கூடினால் தின்பதை நிறுத்தும், பிறகு சாகும். நம் ஊர் வெப்பத்தில் கோழியின் வளர்ச்சியைத் தீர்மானிப்பதில் பாதி வேலை இந்த விசிறிக்குத்தான்.

மேற்பார்வையாளர் அண்ணன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். காலுறை, முகமூடி எல்லாம் மாட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார். நான் ஊசி என்று வாயெடுத்ததுமே சிரித்துவிட்டார். "இருபதாயிரம் கோழிக்கு மேல இருக்கு தங்கச்சி. ஒண்ணொண்ணா புடிச்சு ஊசி போடுறதுக்கு ஆளு எங்க? மொத்தக் கொட்டகைக்கும் நாலு பேருதான். அந்த நாலு பேரையும் புடிச்சு வைக்கிறதே பெரும்பாடு."

ஊசி ஒன்று உண்டு. குஞ்சு பொரிப்பகத்தில், பிறந்த முதல் நாளில், கழுத்துத் தோலில் போடுவது. அது தடுப்பூசி. ராணிகெட், கம்போரோ போன்ற நோய்கள் வந்தால் கொட்டகையே காலியாகிவிடும். சில தடுப்பு மருந்துகளைத் தெளிப்பார்கள், சிலவற்றைத் தண்ணீரில் கலப்பார்கள். யாரோ எப்போதோ இதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான் 'வளர ஊசி போடுகிறார்கள்' என்ற கதையாகக் காலூன்றியிருக்க வேண்டும்.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீனியில் கலந்தால் பருப்பைப் போல வயிற்றில் செரித்துப்போகும். ஊசியாகத் திரும்பத் திரும்பப் போட்டால்தான் வேலை செய்யும், அதற்கு ஆள் இல்லை என்பதை அண்ணன் சொல்லிவிட்டார். சட்டமும் இடம் தரவில்லை. கால்நடைத் தீனியில் ஹார்மோன் கூடாது என்று நம் நாட்டில் 2012 முதல் தனி விதிமுறையே இருக்கிறது.

அப்படியானால் 40 கிராம் குஞ்சு ஐந்து வாரத்தில் எப்படி இரண்டு கிலோவைத் தாண்டுகிறது? இதற்கு நான் பார்த்ததிலேயே தெளிவான பதில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1957ஆம் ஆண்டுக் கோழி இனம், 1978ஆம் ஆண்டு இனம், 2005ஆம் ஆண்டு இனம் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து, ஒரே தீனி கொடுத்து வளர்த்தார்கள். வளர்ச்சி மருந்து எதுவும் இல்லை. 56ஆம் நாளில் எடை போட்டார்கள். முதல் கோழி 905 கிராம். இரண்டாவது 1,808 கிராம். மூன்றாவது 4,202 கிராம். தின்றது ஒன்று, வளர்ந்தது நாலு மடங்குக்கும் மேல். எல்லாம் இனப்பெருக்கத் தேர்வு. இருப்பதிலேயே வேகமாக வளரும் கோழியை மட்டும் தாயாகவும் தகப்பனாகவும் தேர்ந்தெடுத்து, அதையே தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டு வந்தார்கள். அமெரிக்காவில் 1946 தொடங்கி 'நாளைய கோழி' என்று போட்டியே நடத்தி இந்த ஓட்டத்தை ஆரம்பித்தார்கள். அதற்கு விலையும் உண்டு. மார்பு சதை வளரும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கொட்டகையில் எழுந்து நிற்கச் சோம்பல்படும் கோழிகளை நானே பார்த்தேன். பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்ட உடம்புக்குத் தீனி வெறும் சோளமும் சோயாவுமாக இருந்தால் போதாது. சேர்மானங்கள் வருகிற இடம் இது. தீனி மூட்டையின் பட்டியலை அண்ணன் படித்துக் காட்டினார். மெத்தியோனின், லைசின் என்று இரண்டு அமினோ அமிலங்கள். சோளம்-சோயா கலவையில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின். அது குறைந்தால் இறகு முளைப்பதும் சதை கூடுவதும் மட்டுப்படும். அடுத்து பைட்டேஸ் என்ற நொதி. தானியத்துக்குள் பூட்டிக்கிடக்கும் பாஸ்பரஸை அது திறந்துவிடுகிறது. அதனால் எலும்பு உறுதியாகிறது, எச்சத்தோடு ஆற்றுக்குப் போகும் பாஸ்பரஸும் குறைகிறது. பிறகு வைட்டமின்கள், சுண்ணாம்புக்கல் தூள், உப்பு, செம்பனை எண்ணெய். வெயில் அதிகமான நாட்களில் குடிதண்ணீரில் வைட்டமின் சியும் உப்புச்சத்துகளும். நம் வீட்டில் குழந்தைக்குக் கொடுக்கும் சத்து டானிக்கைப் போலத்தான் இருக்கிறது என்றேன். "அதவிடக் கணக்காக் குடுக்குறோம்மா, ஒவ்வொரு கிராமும் காசு" என்றார். ஒரு கிலோ எடை கூட ஒன்றரை கிலோ தீனிக்குச் சற்று மேல் ஆகும். அந்த விகிதம் கொஞ்சம் பிசகினாலும் மாதக் கடைசியில் நட்டம்.

அந்த அம்மாவுக்கு நான் நிகழ்ச்சியில் இவ்வளவையும் சொன்னேன். மகள் சீக்கிரம் வயதுக்கு வந்ததற்குக் கோழியில் ஹார்மோன் தேட வேண்டாம், ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னேன். சிறு வயதில் உடல் எடை கூடுவதற்கும் பருவம் முந்துவதற்கும் உள்ள தொடர்பைத்தான் மருத்துவர்கள் முதலில் பார்க்கிறார்கள். கோழியைவிட அதைப் பொரிக்கிற எண்ணெயையும் கூடவே வாங்கித்தரும் இனிப்புத் தண்ணீரையும் பற்றி மாமியார் கவலைப்பட்டால் நியாயம் இருக்கும்.

அதற்காகத் தீனி விஷயத்தில் பயப்பட எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பயப்பட வேண்டியதற்கு வேறு பெயர். ஆன்டிபயாட்டிக்.

அந்தக் கதையில் நமக்கு ஓர் உறவு முறை இருக்கிறது. ஆந்திராவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர் எல்லாப்ரகடா சுப்பாராவ். காந்தி சொன்னார் என்று கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதால் முழுப் பட்டம் கிடைக்காமல் போனவர். அவர் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோதுதான் அங்கே டக்கர் என்ற தாவரவியலாளர் மண்ணிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்தைக் கண்டெடுத்தார். அது உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1948இலேயே சுப்பாராவ் காலமானார். அதே ஆண்டு, அதே நிறுவனத்தில், தாமஸ் ஜூக்ஸ் என்ற விஞ்ஞானி கோழிகளுக்கு மலிவான வைட்டமின் பி12 தேடி, மருந்து காய்ச்சி மிஞ்சிய சக்கையைத் தீனியில் கலந்து பார்த்தார். கிறிஸ்துமஸ் அன்று தானே போய் எடை போட்டார். குஞ்சுகள் அவர் எதிர்பார்த்ததற்கு மேல் வளர்ந்திருந்தன. காரணம் வைட்டமின் மட்டுமில்லை, சக்கையில் ஒட்டியிருந்த கொஞ்சம் ஆன்டிபயாட்டிக்கும்தான்.

உலகம் முழுக்க அது பரவியது. நோய் இல்லாத கோழிக்கும் நாள்தோறும் சிறு அளவில் மருந்து. சாகாமல் தப்பிய கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை அடியோடு நிறுத்தியது. 2015இல் சீனாவில் ஆராய்ச்சியாளர்கள் ஓர் அதிர்ச்சியைக் கொடுத்தார்கள். வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தையே எதிர்க்கும் மரபணு, ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடியதாக, பன்றிகளிடமும் கடையில் வாங்கிய இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருந்தது. கொலிஸ்டின் அதுவரை கால்நடைத் தீனியில் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. மலேசியா 2019 ஜனவரி 1 முதல் கால்நடைத் தீனியில் அதற்குத் தடை விதித்தது. இந்தியாவும் அதே ஆண்டு தடுத்தது.

இந்தக் கிருமிகள் நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். ஆபத்து பச்சைக் கோழியில், வெட்டுப் பலகையில், கழுவும்போது தெறிக்கிற தண்ணீரில். மஞ்சள் தடவிக் கழுவும் பழக்கம் நமக்கு உண்டு. குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக் கழுவாமல், பாத்திரத்தில் வைத்து மெதுவாகச் செய்து, தொட்டியைத் துடைத்துவிட்டால் நல்லது. அதே பலகையில் வெள்ளரிக்காய் நறுக்குவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

மருந்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறார்கள். விளையாட்டுத் திடலைத் தாண்டிப் பண்ணைப் பகுதிக்குள் போனால் கல்லூரி மணம் மாறி மாட்டுத் தொழுவ மணம் வரும், அந்தப் பல்கலைக்கழகத்தின் அழகே அதுதான். லோ தெக் சுவென், பூ ஹூய் லிங் என்ற இரு பேராசிரியர்களின் குழு, தாப்பாய் போன்ற நம் ஊர்ப் புளித்த உணவுகளிலிருந்து நல்ல பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தது. பாக்டீரியாவை அப்படியே கொடுக்காமல், அது வளரும்போது வெளிவிடும் அமிலங்களையும் கிருமியெதிர்ப்புப் புரதங்களையும் தீனியில் கலந்து பார்த்தார்கள். கோழியின் குடலில் கெட்ட கிருமிகள் குறைந்தன, குடல் உறிஞ்சிகள் நீண்டன, எடையும் கூடியது. வெயிலில் வாடும் கோழிகளுக்கும் உதவியது. பழைய சோற்றுத் தண்ணீர் வயிற்றுக்கு நல்லது என்று பாட்டி சொன்னது நினைவுக்கு வந்தால் தப்பில்லை, புளிக்க வைக்கிறவை அதே குடும்பத்துப் பாக்டீரியாக்கள்தான்.

அதே செர்டாங்கில் 1980களில் நடந்த இன்னொரு வேலையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ராணிகெட் நோய் கம்பத்துக் கோழிகளை ஆண்டுதோறும் வாரிக்கொண்டு போகும். முற்றத்தில் திரிகிற கோழியை யார் துரத்திப் பிடித்து ஊசி போடுவது? ஐனி இட்ரிஸ் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து, வெயில் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீனியிலேயே பூசிக் கொடுத்தார்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம். காலையில் தீனி தூவினால் போதும். தமிழ்நாட்டிலும் கால்நடைப் பல்கலைக்கழகம் இதே நோய்க்குக் குருணை மருந்து செய்தது. ஐனி இட்ரிஸ் பின்னர் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். கோழித் தீனியில் தொடங்கிய ஒருவர் துணைவேந்தரான கதையை நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கடைசியாக கிள்ளான். கேஎல் சென்ட்ரலிலிருந்து போர்ட் கிள்ளான் போகும் கொமுட்டரில் ஏறினால் கிள்ளான் நிலையத்தில் இறங்கலாம். ஜாலான் தெங்கு கிளானாவின் பூக்கடைகளும் புடவைக் கடைகளும் நடக்கும் தூரம். இன்னும் போனால் துறைமுகம். நம் கோழியின் பாதிக் கதை இந்தத் துறைமுகத்தில் இருக்கிறது. தீனிச் சோளம் அநேகமாக முழுவதும் கப்பலில் வருகிறது, பெரும்பகுதி பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகளிலிருந்து. கோழி வளர்க்கும் செலவில் ஏறக்குறைய 70 விழுக்காடு தீனிக்கே போகிறது. உக்ரேனில் குண்டு விழுந்தபோது பிரிக்பீல்ட்ஸில் கோழிப் பிரட்டல் விலை ஏறியது இதனால்தான்.

2022 நினைவிருக்கும். கோழி கிடைக்கவில்லை, ஜூன் 1 முதல் ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். சிங்கப்பூர்க் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். ஜூலையில் கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசு என்று உச்ச வரம்பு வந்தது. ஆண்டுக் கடைசியில் முட்டையும் தட்டுப்பட்டு, முதன்முறையாக நாமக்கல்லிலிருந்து முட்டை வந்து இறங்கியது. 2023 நவம்பர் 1 முதல் கோழிக்கு விலைக் கட்டுப்பாடும் உதவித்தொகையும் போய்விட்டன. ஆட்டுக்கறி விலைக்குக் கிட்டேயே போக முடியாத குடும்பங்களுக்கு இன்றும் கறி என்றால் கோழிதான். மருந்து குறைத்து வளர்த்த கோழி என்று தனி அட்டை ஒட்டி, குளிரூட்டிய கடையில் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். நல்ல கோழி வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது என்பது என் கவலை.

கிள்ளான் பாசாரில் கோழி வெட்டும் அக்காவிடம் இதைக் கேட்டேன். புரட்டாசி மாதம் என்பதால் வியாபாரம் மந்தம். சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில் நிறையும், இவர் கடை காலி. "ஆயாம் கம்போங் வேணும்பாங்க. குடுப்பேன். அதுலயும் நிறைய கொட்டகையில வளந்ததுதான். கலர் வேற, இனம் வேற, நாளு கொஞ்சம் கூட. தின்னதெல்லாம் அதே மூட்டைதான்" என்றார் கத்தியை நிறுத்தாமல்.

பேசிக்கொண்டிருக்கும்போது வயதான ஒருவர் வந்தார். ஒரு முழுக் கோழி, பன்னிரண்டு துண்டு. "ஆச்சி, கழுத்த மட்டும் எடுத்துரும்மா. அங்கதான் ஊசி போடுவாங்க." அக்கா ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. கழுத்தை ஒரே வெட்டில் எடுத்துத் தனியாக இருந்த பையில் போட்டார். அதில் ஏற்கெனவே ஏழெட்டு கழுத்து கிடந்தன. அவர் போனதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ரசம் வச்சா அவ்ளோ ருசி. எம் புள்ளைங்களுக்கு அதுதான் புடிக்கும்."